பாரதப் போரில் விதியும் மனிதன் தெரிவும்

நாவற்குடாவுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. இவ்விரு நீருக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தில் வாழும் நம்மவர், ஒரு தலைமுறைக்குள்ளேயே இரண்டு பேரிடர்களைக் கண்டனர். ஒன்று, 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாட் காலையில் எழுந்த ஆழிப்பேரலை. மற்றையது, 1983 தொடக்கம் 2009 வரை நின்றெரிந்த போர். இரண்டினுக்கும் நம் முதியோர் கூறிய சொல் ஒன்றே. "என்ன மனே செய்யிற, விதி" என்றார்கள். கடல் கொண்ட பிள்ளைக்கும் அதே சொல். துவக்குக் கொண்ட பிள்ளைக்கும் அதே சொல்.

இவ்விரண்டிடத்தும் அச்சொல் ஒரு பொருளையே தருமா என்பது ஈண்டு நாம் ஆராயப் புகுந்தது. விழா மலர்க் குழுவினர் எம்மிடம் வேண்டியது வேறொரு கட்டுரை. கல்லூரியின் பழைய நாடக விழாக்களைப் பற்றி எழுதுமாறு கேட்டனர். அதனை எழுத வல்லார் பலர் உளர். இவ்வினாவோ எமது கடன். ஒரு மாணவன் கேட்டது. நாம் பிழையாக விடை கூறியது.

1990ஆம் ஆண்டின் இறுதி. வகுப்புகள் மீண்டும் தொடங்கியிருந்த காலம். வாங்குகளிற் பாதி வெறுமையாய்க் கிடந்தன. நாம் வில்லிபாரதத்துக் கிருட்டிணன் தூதினை நடத்திக்கொண்டிருந்தோம். தூது செல்லுமுன் கண்ணபிரான் பாண்டவர் ஒவ்வொருவர் கருத்தையும் வினவுகின்றார். இளையவனாகிய சகாதேவனைத் தனியே அழைத்துப் போரைத் தவிர்க்கும் வழி யாதென்று கேட்கின்றார். அவனோ, கன்னனுக்கு முடிசூட்டி, அருச்சுனனைக் கொன்று, பாஞ்சாலியின் கூந்தலைக் களைந்து, தளையிட்டு, இறுதியாக உம்மையும் கட்டிவிட்டாற் போர் நிற்கும் என்று விடையிறுக்கின்றான். கட்டு பார்க்கலாம் என்று பெருமான் பல்லாயிரம் வடிவு கொள்ள, சகாதேவன் மூலவடிவினை உணர்ந்து அன்பினாற் கட்டுகின்றான். அவிழ்த்து விடுமாறு வேண்டுபவர் கண்ணன். அதற்கு விலையாக ஐவரையும் போரிற் காக்கும் வாக்கினைப் பெறுபவன் சகாதேவன். தமிழிற் பக்திச் சுவை ததும்பும் இடங்களுள் இதுவொன்று. நாமும் அச்சுவையிற் றிளைத்து விரித்துரைத்துக்கொண்டிருந்தோம்.

பின் வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான். கண்ணனைக் கட்டினாற்றான் போர் நிற்குமென்றால், போரை நடத்தியவர் கண்ணன்தானே, பின்பு துரியோதனனில் என்ன குற்றம் என்றான். நல்ல வினா என்று மெச்சினோம். அவன் அமரவில்லை. "அப்ப எங்கட அப்பாவக் கொண்டுபோனவங்களிலயும் பிழை இல்லையா, சேர்?" என்றான்.

அன்று நாம் கூறியது எமக்கு முன்னோர் கூறியதே: எல்லாம் அவன் செயல், அணு அசைதற்கும் அவன் வேண்டும். மாணவன் ஒன்றும் பேசாது அமர்ந்தான். மணியடித்தது. அந்த விடை பிழையென்று உணர எமக்குப் பல ஆண்டுகள் சென்றன.

பிழை எங்கே தொடங்கியது என்று பின்னர் ஆராய்ந்தோம். வில்லிபுத்தூரார் பாடிய பாரதம் பத்தாம் பருவத்தோடு நிறைவுறுகின்றது. போர் முடிகின்றது, நூலும் முடிகின்றது. நம் கிழக்கு மாகாணத்துக்குப் பாரதம் பெரும்பாலும் இவ்வழியாகவே வந்தது. பாண்டிருப்புத் திரௌபதையம்மன் கோயிற் சடங்கினை நம்மிற் பலர் கண்டிருப்போம். பதினெட்டு நாட் சடங்கில் வனவாசம் நிகழும், அருச்சுனன் தவநிலை நிகழும், ஈற்றில் தீமிதிப்பு. நம்மூர்க் களரிகளில் ஆடப்படும் வடமோடிக் கூத்துகளும் பெரும்பான்மையும் பாரதக் கதைகளே. 'பதினெட்டாம் போர்' என்று ஒரு கூத்திற்குப் பெயரே உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனை மாணவரைக் கொண்டு மேடையேற்றிய 'கர்ணன் போர்' நகர மக்களுக்கு இக்கூத்தின் அருமையை உணர்த்தியது. போர் வரையும் நாம் அறிவோம். போர் முடிந்த மறுநாள் பிணக்களத்தில் யார் யாரை என்ன கேட்டனர் என்பதோ, கூத்தின் விளக்கு அணைந்தபின் நிகழ்வது. அதனை அறிய வியாசரிடமே செல்லவேண்டும்.

வியாச பாரதத்துப் பதினோராம் பருவம் பெண்டிர் பருவம் எனப்படும். நூறு மக்களையும் இழந்த காந்தாரி களத்தில் நின்று கண்ணனை நோக்கி வினவுகின்றாள்: உனக்கு ஆற்றல் இருந்தது, ஆளிருந்தது, சொல்வன்மை இருந்தது, இரு குலமும் அழியக் கண்டும் ஏன் வாளாவிருந்தாய்? வினவியதோடு நில்லாது, முப்பத்தாறாம் ஆண்டில் உன் குலமும் தம்முட் பொருது அழிக என்று சபிக்கின்றாள். கண்ணன் அச்சாபத்தை மறுக்கவில்லை, ஏற்கின்றார். ஏற்றபின் ஒன்று கூறுகின்றார்: மகனை அடக்காது விட்டது நின் பிழை, அதனை ஏன் என்மேல் ஏற்றுகின்றாய்? இவ்விரண்டும் ஒரே வாயிலிருந்து வருகின்றன. கடவுள் தம் பங்கை மறைக்கவில்லை. காந்தாரியின் பங்கையும் மறைக்க விடவில்லை.

இதனினும் எம்மை ஆழ்ந்து சிந்திக்கச் செய்தது பதினான்காம் பருவத்து உதங்க முனிவர் கதை. போர் முடிந்து துவாரகைக்கு மீளும் வழியிற் கண்ணன் அவரைக் காண்கின்றார். முனிவர் போர்ச் செய்தி அறியாதவர். இரு திறத்தாரையும் சமாதானம் செய்து வைத்தாயா என்று மகிழ்ந்து கேட்கின்றார். அனைவரும் மாண்டனர் என்றறிந்ததும் சினந்து சபிக்க எழுகின்றார். கண்ணன் கூறும் விடையின் சாரம் இது: தேவரிடை இருக்குங்கால் தேவரைப் போன்றும், மானிடப் பிறவியில் மானிடரைப் போன்றும் நடத்தல் என் இயல்பு; ஆதலின் மனிதனாக நின்று அவர்களை இரந்து வேண்டினேன்; அச்சுறுத்தியும் பார்த்தேன்; அவர்கள் கேட்கவில்லை.

கடவுள் இரந்தார், மனிதன் மறுத்தான் என்று நூலே கூறுமாயின், துரியோதனன் செய்ததைக் கடவுள் செயலென்று கூற நாம் யார்? வகுப்பறையில் இக்கதையை நாம் கூறியிருக்கவேண்டும். அக்காலத்து நாம் அதனைப் படித்திருக்கவில்லை என்பதே உண்மை.

போர் தொடங்குமுன்னரே தெரிவு வழங்கப்பட்டதையும் நோக்குக. துணை வேண்டி அருச்சுனனும் துரியோதனனும் ஒரே வேளையிற் கண்ணனிடம் செல்கின்றனர். ஒருபுறம் பெரும் நாராயண சேனை. மறுபுறம் படைக்கலம் ஏந்தாத தாம். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்க என்கின்றார். முதலிற் கேட்கும் உரிமை பெற்ற அருச்சுனன் கண்ணனை வேண்டினான். துரியோதனன் சேனையைப் பெற்று மகிழ்ந்தான். தெய்வம் இருபுறமும் பங்கிட்டு நின்று, நீ எதை விரும்புகின்றாய் என்று மட்டும் கேட்ட இடம் இது. இருவருள் எவரும் வற்புறுத்தப்படவில்லை.

ஏனையோரும் அவ்வாறே. பலராமர் எப்பக்கமும் சேராது தீர்த்த யாத்திரை சென்றார். விதுரர், வில்லியின் நூற்படி, அவையிலேயே வில்லை முறித்தார். திருதராட்டிரனுக்கு வேறொரு மனைவியிடத்துப் பிறந்த யுயுத்சு, களத்தில் இரு சேனையும் அணிவகுத்து நிற்கையில், தருமரின் அழைப்பைக் கேட்டு நூற்றுவரை விட்டுப் பாண்டவர் பக்கம் நடந்தான். எல்லார் கண்ணும் பார்க்க, தன் பிறந்த இடத்தைப் பின்னே விட்டு நடத்தல் எளிதன்று. நூற்றுவருள் ஒருவனான விகர்ணன் சூதவையிற் பாஞ்சாலிக்காகத் தனித்தெழுந்து நியாயம் பேசியவன். ஆயினும் போரில் அண்ணன் பக்கமே நின்று மடிந்தான். கன்னனோ தன் பிறப்பினை அறிந்தபின்னும் நன்றிக்கடனைத் தெரிந்தான். விதுரர் முறித்த வில்லும், விகர்ணன் ஏந்திய வில்லும் ஒரே அரண்மனையில் இருந்தவைதாம். இவர்கள் அனைவர்க்கும் விதி ஒன்றே எனின், இத்தனை வேறுபாடு எங்ஙனம் வந்தது?

இனி, பாரதத்தில் விதியைப் பற்றி ஓயாது பேசுபவன் யாவன் என்று எண்ணிப் பாருங்கள். அவன் திருதராட்டிரன். சூதுக்கு இசைவு தருகையில் விதி என்றான். போர்ச் செய்தி கேட்குந்தோறும் விதி என்று புலம்பினான். சஞ்சயனும் விதுரரும் அவனை மீட்டும் மீட்டும் இடித்துரைத்தது இதற்காகவே: நீ செய்ததை நீ செய்தாய் என்று சொல், தெய்வத்தின் மேல் ஏற்றாதே. கண்ணில்லாமை அவன் குற்றமன்று. நாவில் எப்போதும் விதியை வைத்திருந்தமையே அவன் குற்றம் என்பது எம் துணிபு.

கீதையை எடுத்துக் காட்டி எம்மை மறுப்போர் உளர். பதினோராம் அத்தியாயத்திற் பேருருக் காட்டிய இறைவன், பகைவர் என்னால் முன்னரே கொல்லப்பட்டனர், நீ கருவி மாத்திரமாய் நில் என்கின்றாரே என்பர். மெய்யே. அதே நூலின் பதினெட்டாம் அத்தியாயத்தில், இவையனைத்தையும் முற்ற ஆராய்ந்து உன் விருப்பப்படி செய் என்றும் கூறுகின்றார். முன்னதைப் பலகையில் எழுதித் தூக்கும் அன்பர்கள் பின்னதை எழுதக் கண்டிலோம். எனினும் எமக்குச் சாதகமானதை மட்டும் கூறி நழுவுதல் ஆசிரியர்க்கு அழகன்று. விருப்பப்படி செய் என்பதற்குச் சற்று முன்னர், போர் செய்யேன் என்று நீ அகந்தையால் எண்ணினும் உன் இயல்பு உன்னை ஏவும் என்றும் அவரே கூறியுள்ளார். இம்முடிச்சினை முற்றும் அவிழ்த்தோம் என்று கூற மாட்டோம். ஏவும் இயல்பு உள்ளே இருப்பினும் ஆராயும் பொறுப்பு அருச்சுனனுக்கு விடப்பட்டது என்ற அளவில் அமைகின்றோம். கருவிக்கு ஆராயுமாறு எவரும் அறிவுறுத்துவதில்லை.

நம் சைவ சித்தாந்தம் இவ்விடத்திற் பெருந்துணை செய்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதம் பன்னிரண்டே சூத்திரங்களை உடையது. அதன்வழி வந்த ஆசிரியர்கள் வினையை மூன்றாக வகுத்தனர்: தொகுதியாய்க் கிடப்பது சஞ்சிதம், இப்பிறப்பில் நுகர வந்தது பிராரத்தம், நுகருங்கால் புதிதாக ஈட்டுவது ஆகாமியம். மாணவர் பரீட்சைக்காக இவற்றை ஒப்புவிப்பர். நாமும் அவ்வாறே ஒப்புவித்தோம். ஆனால் இப்பாகுபாட்டினை ஒரு போர்க்காலத்து வாசலில் வைத்துப் பாருங்கள். உள்ளே ஒருவன், வெளியே ஆயுதத்தோடு ஒருவன். உள்ளிருப்பவனுக்கு நேர்வது அவனது பிராரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். வெளியே நிற்பவன் செய்வது அவனது ஆகாமியம். ஒரே நிகழ்ச்சி, ஒருவனுக்கு நுகர்ச்சி; மற்றவனுக்குப் புதுவினை. முன்னதைக் கூட்டுவிப்பவன் இறைவன் எனினும், பின்னதற்கு இச்சையும் செயலும் கொண்டு பொறுப்பேற்பது உயிரே. அவன் வினையை நான் ஊட்டினேன் என்று துவக்கேந்தியவன் கூறுவானாயின், அவன் இறைவனுக்குரிய தொழிலைத் தனதென்று கொள்கின்றான்.

ஆதலின் விதி என்னும் சொல்லை எவர் கூறுகின்றார் என்பதே முதலிற் பார்க்கவேண்டியது. இழந்தவர் தம்மைக் குறித்துக் கூறுவாராயின், அது ஆறுதல்; நாம் தலை வணங்கிக் கேட்கலாம். செய்தவன் கூறுவானாயின், அது ஒளிவிடம். அருகில் நின்று பார்த்தவன் இழந்தவரை நோக்கி, இது உன் முன்வினை என்பானாயின், அது கொடுமை. இறுதியிற் கூறியதை நம் வீட்டு முற்றங்களிற் செத்தவீட்டுக்கு வந்தோர் சிலர் கூறக் கேட்டிருக்கின்றோம். சைவ நூல் எதுவும் அவர்களுக்கு அவ்வதிகாரம் வழங்கவில்லை.

வள்ளுவரிடத்தும் இத்தெளிவு உண்டு. ஊழினும் வலியது பிறிதில்லை என்ற கருத்தினை ஊழ் அதிகாரத்தில் வைத்தவர், சோர்விலா முயற்சியுடையார் ஊழையும் புறங்காண்பர் என்னும் கருத்தினை ஆள்வினையுடைமையில் வைத்தார். இவற்றை முரண் என்று கொண்டு உரைகாரர் பலர் அமைதி தேடுவர். நாம் கொள்வது, முன்னது வந்ததைத் தாங்குவார்க்கு, பின்னது செய்யப்போவார்க்கு என்பது.

போர் செய்வார் கடவுளைத் தம் பக்கம் அழைத்துக்கொள்ளுதல் எந்நாட்டிலும் உண்டு. இரு உலகப் போரிலும் யேர்மானியப் படைவீரர் இடைவாரிற் கடவுள் நம்மோடு என்னும் சொற்கள் பொறிக்கப்பட்டிருந்தன. நம் கடலையே பாருங்கள். கல்லடிக்கு நேர் கிழக்கே நீர்க்கடியிற் கிடக்கின்றது 'ஹேர்மீஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல். 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் அதனை மூழ்கடித்தன. 307 பேர் மாண்டனர். ஒருபுறம், தெய்வ வழித்தோன்றல் எனப் போற்றப்பட்ட பேரரசரின் படை. மறுபுறம், 1940இல் நாடு முழுவதும் வழிபாட்டு நாள் அனுட்டிக்கச் செய்த மன்னரின் படை. அமெரிக்க உள்நாட்டுப் போரின் இறுதியில், 1865 மார்ச்சு 4ஆம் நாள் ஆற்றிய உரையில் ஆபிரகாம் இலிங்கன், இரு திறத்தாரும் ஒரே வேதத்தை ஓதி ஒரே கடவுளிடம் மற்றவர்க்கு எதிராக உதவி வேண்டுகின்றனர் என்று சுட்டினார். வெல்லும் தறுவாயில் நின்றவர் அவர். கடவுள் எம் பக்கம் என்று முழங்க எல்லா வாய்ப்பும் இருந்தும் முழங்கவில்லை.

நம் பழந்தமிழ்ப் புலவர் கோவூர் கிழார் இவ்வகையில் முன்னோடி. சோழர் குடியைச் சேர்ந்த நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் தம்முட் பொருதபோது, அவர் இருவரிடையே சென்று நின்றார். நீ அணிந்ததும் ஆத்தி மாலை, அவன் அணிந்ததும் ஆத்தி மாலை; எவர் தோற்பினும் தோற்பது உங்கள் குடியே என்றார். ஊழ் என்ற பேச்சே அப்பாட்டில் இல்லை. நிறுத்தக்கூடியவனிடம் சென்று நிறுத்து என்று கேட்ட பாட்டு அது.

1990ஆம் ஆண்டுக்கு மீள்வோம். அவ்வாண்டு ஓகஸ்ட் 3ஆம் நாள், நமக்குத் தெற்கே கூப்பிடு தூரத்திலுள்ள காத்தான்குடியில், இரு பள்ளிவாசல்களில் இரவுத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். செப்டெம்பர் 5ஆம் நாள், வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தஞ்சம் புகுந்திருந்தோரில் நூற்றைம்பதுக்கு மேற்பட்டோரை இராணுவத்தினர் கொண்டுசென்றனர்; அவர்கள் மீளவில்லை. இவ்விரு வாக்கியங்களையும் செய்வினையிலேயே எழுதியுள்ளோம். அக்காலத்தில் நாம் அங்ஙனம் எழுதவும் இல்லை, பேசவும் இல்லை. முன்னதைக் கூற நம்முட் பலர்க்கு நாணம். பின்னதைக் கூற அச்சம். இரண்டிற்கும் விதி என்னும் சொல் வசதியாய் இருந்தது.

தமிழ் கற்பித்தவர் என்ற முறையில் இலக்கணம் பற்றி ஒன்று கூறவேண்டும். 'காணாமற் போனார்' என்னும் வாக்கியத்திற்கு எழுவாய் யார்? காணாமற் போனவரே. தாமே எழுந்து எங்கோ நடந்தார் போலும். அன்னையர் பிற்காலத்தில் இவ்வழக்கினை மறுத்து, 'காணாமல் ஆக்கப்பட்டார்' என்று கூறலாயினர். இது செயப்பாட்டு வினை. செய்தவன் பெயர் இதிலும் இல்லை. ஆயினும் ஒருவன் செய்தான் என்பது வினையினுள்ளே வந்துவிட்டது. இத்திருத்தத்தைச் செய்தவர் பண்டிதர் அல்லர். பெரும்பான்மையும் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய பெண்கள். ஆழிப்பேரலைக்கு இவ்வாறு எவரும் திருத்தம் கேட்கவில்லை. கடல் கொண்டது என்பதே முழு வாக்கியம். அதன் எழுவாயைத் தேடிப் போக வேறிடம் இல்லை, இறைவனைத் தவிர.

அம்மாணவன் இன்று நடுவயதைக் கடந்தவர். கடல் கடந்து வாழ்பவர். சென்ற ஆண்டு ஊருக்கு வந்தபோது எம்மைத் தம் இல்லத்துக்கு அழைத்தார். அவர் அன்னையார், தம் கணவரைத் தேடிப் பல ஆண்டுகளாக வெவ்வேறு இடங்களிற் கொடுத்த விண்ணப்பங்களின் பிரதிகளை ஒரு பிஸ்கற் பேணியில் வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து விரித்தார். அடியிற் கிடந்த முதலாவது பிரதியின் கையெழுத்து எம்முடையது. 1991இல் அவர் வந்து கேட்க, நாம் எழுதிக் கொடுத்தது, மறந்தே போயிருந்தோம். அதிற் 'காணாமற் போனார்' என்று அழகாக எழுதியிருந்தோம்.

மேலே கிடந்த கடைசிப் பிரதி பேர்த்தியின் கையெழுத்து. 'வீட்டுக்குள் வந்து கொண்டுபோனார்கள்' என்று தொடங்கி, நாளும், விடிவதற்கு எவ்வளவு நேரம் இருந்தது என்பதும், வந்தவர் எத்தனை பேர் என்பதும், அவர்களுள் ஒருவன் படலையைத் திரும்பச் சாத்திவிட்டுச் சென்றான் என்பதும் அதில் எழுதப்பட்டிருந்தன. நாம் இரு பிரதிகளையும் படித்து அவரிடம் மீளக் கொடுத்தோம். அம்மையார் அவற்றை மடித்துப் பேணியில் வைத்து மூடிக்கொண்டே, "என்ன சேர் செய்யிற, எங்கட விதி" என்றார்.